குளுந்த உடம்புக்காரன்

1

நாங்கள் இருக்கும் ஊருக்கு ஔலு என்று பெயர். பின்லாந்தின் வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது. ஔ என்ற எழுத்துக்கு ஔடதத்தைத் தவிர வேறு வேலையே கிடையாது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது எந்த ஆபீஸ் கவுண்டருக்குப் போனாலும் அந்த எழுத்தில் தொடங்கும் ஊரைத்தான் முதலில் சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் மகன் ஆசீருக்கு இரண்டு வயது முடிந்தது. கேக் வெட்டி, ஊருக்கு வீடியோ காட்டி, மிச்சக் கேக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து முடித்த மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்களுடைய கரு ஒன்று எங்களிடம் இன்னும் உறையவைத்தபடி இருக்கிறது, வரும் வசந்தத்தில் வைத்துக்கொள்ள வருகிறீர்களா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். போன வருஷமும் கேட்டார்கள். அப்போது யோசித்துச் சொல்கிறோம் என்று தள்ளிப் போட்டேன். இனிமேல் தள்ளிப் போட என் வயது இடம் கொடுக்காது.

இன்னொரு பிள்ளை வேண்டுமா என்றால் எனக்கு வேண்டும். அதில் சந்தேகமே கிடையாது. என் சந்தேகம் முதல் பிள்ளையைப் பற்றியது. ஆசீரும் அதே ஆஸ்பத்திரியின் குளிர்த் தொட்டியில் உறைந்து கிடந்து வந்தவன்தான். அவன் உண்மையிலேயே நன்றாக இருக்கிறானா? இந்த ஒரு கேள்விக்கு எனக்கு மனசார ஆமாம் என்று வந்துவிட்டால் மற்றதுக்கும் ஆமாம். வரவில்லையென்றால் அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டு வருஷமாக இதை வைத்துக்கொண்டுதான் லோல்பட்டேன்.

2

வெளிநாட்டுக்கு வந்து பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தது பெரிய கதை. அதில் சிரிப்பும் உண்டு. நம் ஊரில் இனிஷியல் போட்டுப் பழகிய ஆட்கள் நாம். இங்கே குடும்பப் பெயர் என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் சாம் தன் அப்பா பெயரைக் கொடுத்துவிட்டார். அதுவே எனக்கும் ஒட்டிக்கொண்டது. குழந்தை வேண்டி வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நர்ஸ் வந்து "செல்லத்துரை" என்று கூப்பிடுவாள். நான் எழுந்து போவேன். மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட, உள்ளே போய்க் கருமுட்டை வளர ஊசி போட்டுக்கொண்டு வந்த மருமகள் திருநெல்வேலி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முட்டை எடுத்த சமயத்தில் எனக்கு வயிறு ஊதி, மூச்சு வாங்கி, படுக்கையில் கிடந்தேன். இந்த உடம்பில் இப்போது வைக்க வேண்டாம், கருவை உறையவைத்துவிட்டு நீ தேறி வா என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று கரு தேறியது. முதலாவது ஒட்டவில்லை. அந்த அழுகையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இரண்டாவது ஆசீர். மூன்றாவதுதான் இப்போது கேட்டுச் செய்தி வந்திருப்பது.

கருவை வைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் நான் கேட்டேன்: இப்படி உறையவைத்துப் பிறக்கும் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா? அவர் மழுப்பவில்லை. பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே நன்றாக இருக்கிறார்கள், கொஞ்சம் எடை கூடுதலாகப் பிறப்பதுண்டு, தாய்க்குப் பிரஷர் ஏறுவதுண்டு, அதற்காக உன்னை அடிக்கடி வரச்சொல்லிப் பார்ப்போம் என்றார். பிறகு, வளர்ந்து பெரியவர்களான பிறகு எப்படி என்பதை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் சொன்ன நல்லதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. எதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்? கவனிக்க என்ன இருக்கிறது?

இதில் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது எங்கள் பாக்கியம் மதினி. சாமுடைய அக்கா. சமாதானபுரத்தில் வீடு, தபாலாபீசில் வேலை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. விஷயத்தைச் சொன்னதும் போனில் கேட்டாள்.

"ஐஸ் பொட்டியிலயாளா வச்சிருக்காவ?"

"ஐஸ் பொட்டி இல்ல மதினி. நைட்ரஜன் தொட்டி. அது ஐசவிட ரொம்பக் குளிரு."

இதை நான் ஏன் சொன்னேன்? வாத்தியார் புத்தி. யாராவது தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது.

"ஐசவிடவா? கர்த்தரே. எந்தப் பேருல வச்சிருக்காவ?"

"செல்லத்துரைன்னுதான் எழுதியிருக்கு."

"அப்பா பேருலயா? அப்ப பத்திரமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. பிள்ளைக்குக் குளுந்த உடம்பா இருக்கும். பைய பதனமாப் பாக்கணும். வாழப்பழம் கொடுத்துராத. தயிரு ஆகவே ஆகாது."

எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி படித்தவள், சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். ஆசீர் பிறந்த பிறகு, சிரித்த அதே வாயை மூடிக்கொண்டு அவனுக்கு ஒரு சாக்ஸுக்கு மேல் இன்னொரு சாக்ஸ் மாட்டினேன். வாழைப்பழம் வாங்கவில்லை. தயிர்ப் பாத்திரத்தை அவன் கண்ணில் காட்டவில்லை.

அவன் டாக்டர் சொன்ன மாதிரியே எடை கூடித்தான் பிறந்தான். நாலு கிலோவுக்கு மேல். ஊரில் படத்தைப் பார்த்த அத்தனை பேரும் "நல்லா கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டுரும்" என்று பூரித்துப் போனார்கள். எனக்கானால் அந்தக் கன்னத்துச் சதையைப் பார்க்கும்போதெல்லாம், இதோ ஒன்று நடந்துவிட்டது, அடுத்தது என்ன என்று தோன்றும். எனக்குப் பிரஷரும் கடைசி மாதத்தில் ஏறி, மாத்திரையில் இறங்கியிருந்தது. சொன்ன இரண்டும் வந்தாயிற்று, சொல்லாதது எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

இங்கே பிள்ளைகளை மாதாமாதம் கூப்பிட்டுப் பார்க்கிற ஒரு நிலையம் உண்டு. அங்கே இருந்த நர்ஸ் எடை போடுவாள், உயரம் பார்ப்பாள், எல்லாம் சரி என்பாள். "கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பாள். அந்த அம்மாளுக்கு என்னைப் பார்த்தாலே கெதக் என்றிருந்திருக்கும். கை ஏன் சில்லென்று இருக்கிறது, தும்முகிறான், குப்புற விழ இவ்வளவு நாள் ஆகலாமா, காது கேட்கிறதா, கண் பார்க்கிறதா. பின்னிஷ் மொழியில் எனக்குக் கேள்வி கேட்பது மட்டும் சரளமாக வந்ததற்கு இதுதான் காரணம். பதில் சொல்வது இன்றைக்கும் தகராறுதான்.

3

போன மே மாதம் ஊருக்குப் போனோம். ஆசீருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காக. இங்கேயே கொடுத்திருக்கலாம். ஆனால் சாம் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில்தான் கொடுக்க வேண்டும் என்று மதினி ஒற்றைக்காலில் நின்றாள். அவள்தான் ஞானத்தாய்.

மே மாதத்துப் பாளையங்கோட்டையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மத்தியானம் தெற்கு பஜாரில் நாய்கூட நடக்காது. அந்த வெயிலில் என் பிள்ளை கம்பளித் தொப்பியும், மதினி பின்னிய ஸ்வெட்டரும், உள்ளே ஒரு பனியனுமாகக் கோயிலுக்குள் நுழைந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை, அங்கன அப்படித்தான் உடுத்துவாவ போல என்று நினைத்திருப்பார்கள்.

ஆராதனை நடுவில் எங்களை முன்னே கூப்பிட்டார்கள். பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அவர் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் நின்றார். மதினி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, தோள்பையைத் திறந்து ஒரு பிளாஸ்கை எடுத்தாள்.

"என்ன பாக்கியம், காப்பியா?" என்றார் ஐயர், மைக்கைவிட்டுத் தள்ளி நின்று.

"வெந்நி ஐயரே. தொட்டில கொஞ்சம் ஊத்திக்கிடுதேன். பிள்ளைக்குக் குளுந்த உடம்பு."

"தொட்டித் தண்ணியே வெந்நிதான். மே மாசம்லா? கைய விட்டுப் பாரு."

மதினி விரலை விட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் கொண்டுவந்தது கொண்டுவந்தாயிற்று என்று ஒரு மூடி ஊற்றினாள். முன் வரிசையில் என் அப்பா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தப் பிளாஸ்கை அவள் திறந்தபோது எனக்கு வந்தது சிரிப்பில்லை, நிம்மதி. அதுதான் வெட்கக்கேடு.

அன்று சாயங்காலம் ஆசீருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. சிணுங்கிக்கொண்டே என் தோளில் துவண்டு கிடந்தான். வந்துவிட்டது, இவ்வளவு நாள் உள்ளே ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளையை அள்ளிக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் ஓடினோம். ஆட்டோவில் மதினி அவன்மேல் தன் சேலை முந்தானையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா நடுத்தர வயது. ஆளைப் பார்த்ததும் முதல் காரியமாகத் தொப்பியைக் கழற்றினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். பனியனைக் கழற்றினார். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே அவனைப் படுக்க வைத்தார். ஆசீர் காலை உதறிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு விடுதலையானவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான்.

"வேர்க்குரு. வேற ஒண்ணும் இல்ல. சூட்டுல பிள்ளை வெந்து போயிருக்கான். யாரு இவ்வளவு துணி சுத்துனது?"

மதினிதான் சொன்னாள், பெட்டி, தொட்டி, நைட்ரஜன், அப்பா பேரு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உறைய வச்சது அஞ்சு நாள் கருவைம்மா. ஊசி முனை அளவுகூட இருக்காது. அதுக்கப்புறம் ஒன்பது மாசம் அவன் உங்க வயித்துக்குள்ள, உங்க சூட்டுல இருந்திருக்கான். அது போதாதா?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், நானே படித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த ஒன்பது மாதத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவன் தொட்டியில் கிடந்ததை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்ததை மறந்தே போனேன்.

"அப்ப ஸ்வெட்டர் வேண்டாமா டாக்டரம்மா?" என்றாள் மதினி.

"மே மாசத்துல பாளையங்கோட்டையில யாருக்குமே வேண்டாம்மா. பிள்ளைய நல்லா தண்ணில விளையாட விடுங்க."

மதினி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வேர்க்குரு அடங்கியதும் சேரன்மகாதேவியில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டிலிருந்து நடந்து போனால் ஆறு. கோடையிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி, ஆசீரை மணலில் உட்காரவைத்தாள். அவன் இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து, தெறித்தது முகத்தில் பட்டு, வாயைத் திறந்து, மறுபடி அடித்தான்.

நான் கரையில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். அவன் ஒரு தும்மல் போட்டான். மதினி என்னைப் பார்த்தாள், நான் மதினியைப் பார்த்தேன்.

"தண்ணி மூக்குல ஏறிட்டு. வேற ஒண்ணும் இல்ல" என்றாள் மதினி. எனக்குச் சொன்னாளா, அவளுக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

4

நெல்லை வெயிலில் கிடைத்த தைரியம் ஹெல்சிங்கி விமான நிலையம் வரைக்கும்தான் கூட வந்தது. கோடை முடிந்து இங்கே குளிர் இறங்க ஆரம்பித்ததும் நான் பழையபடி சாக்ஸ் எண்ண ஆரம்பித்தேன். அப்போதுதான் ஆசீரைப் பிள்ளைகள் காப்பகத்தில் சேர்த்தோம், நான் மொழி வகுப்புக்குப் போக வேண்டும் என்பதற்காக.

இந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. சொன்னால் அங்கே யாரும் நம்ப மாட்டீர்கள். கைப்பிள்ளைகளை மத்தியானம் வெளியில்தான் தூங்க வைப்பார்கள். பனி கொட்டிக்கிடக்கும் முற்றத்தில், தள்ளுவண்டிக்குள், தடித்த உறைக்குள் நுழைத்து, மூக்கு மட்டும் தெரிய வரிசையாக நிறுத்திவைப்பார்கள். பெற்றவர்கள் உள்ளே காப்பி குடிப்பார்கள். குளிர் மிஞ்சிப்போனால் மட்டும் உள்ளே. வெளியில் தூங்கினால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்பது இவர்கள் எண்ணம். நம் ஊரில் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போடுவதைப் போல இது இவர்களுக்குச் சாதாரணம்.

காப்பகத்தில் ஆசீரைப் பார்த்துக்கொள்ளும் ரீத்தா முதல் நாளே இதைச் சொன்னாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, வேண்டாம் என்றால் உள்ளே படுக்க வைக்கிறேன் என்றாள். உள்ளேயே படுக்கட்டும் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒரு தடவை குளிரில் இருந்தவன், இனி வேண்டாம் என்றா?

பிறந்த நாளுக்கு அடுத்த வாரம் ரீத்தா என்னை நிறுத்திப் பேசினாள். ஆசீர் உள்ளே தூங்க மாட்டேன் என்கிறானாம். மற்றப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோனதும் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு அழுகிறானாம். ஒரு நாள் பார்க்கலாமா, நீயும் கூட இரு என்றாள்.

சாமிடம் சொன்னேன். "அவனே கேக்கான். விடு" என்றார். இந்த ஆளிடம் சொன்னால் இப்படித்தான். ஊரில் எனக்குத் துணை நிற்கும் ஒரே ஆளைக் கூப்பிட்டேன். மதினி தபாலாபீசிலிருந்து வந்து அப்போதுதான் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பனியில் படுக்க வைப்பார்களாம் என்று நான் சொல்லி முடித்ததும், ஐயையோ என்று அலறுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மத்த பிள்ளையளும் அங்கனதான் தூங்குதா?"

"ஆமா மதினி. எல்லாப் பிள்ளையும்."

"நல்லா இருக்குல்லா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு? ஏளா, நான் வெந்நி கொண்டுபோனவ. நானே மாறிட்டேன். நீ இன்னும் அங்கனயே நிக்கியே. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு அன்னைக்கு அப்படி அழுதியே, எதுக்கு அழுத?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். மதினி விடவில்லை.

"அவன் அந்த ஊருப் பிள்ளைளா. நமக்கு வெயிலு மாதிரி அவனுக்கு அது. போ, கூட நில்லு. கழுத்தைத் தொட்டுப் பாரு. சூடு இருந்தா விட்டுரு."

அவன் அந்த ஊர்ப் பிள்ளை என்றதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. உண்மைதான். வீட்டில் தமிழில் கேட்டால் பின்னிஷில் பதில் சொல்கிறான். சோற்றைவிடக் கறுப்பு ரொட்டியை விரும்பித் தின்கிறான். பனியைப் பார்த்தால் அவனுக்குக் கொண்டாட்டம், எனக்கு மூட்டுவலி. இதெல்லாம் தொட்டியால் வந்ததில்லை. விமான டிக்கெட்டால் வந்தது. அதற்கு டாக்டரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

5

மறுநாள் மைனஸ் ஆறு. இந்த ஊர்க் கணக்கில் இதமான நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரீத்தா ஆசீரை உறைக்குள் நுழைத்து வண்டியில் படுக்க வைத்தாள். அவன் அழவில்லை, திமிறவில்லை. பக்கத்து வண்டிப் பிள்ளையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தன் இடம் கிடைத்த திருப்தியில் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டில் இவனைத் தூங்க வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

ரீத்தா உள்ளே போனாள். நான் போகவில்லை. வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். மூக்கு நுனி விறைத்தது. கால்விரல் மரத்துப் போனது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் வாயிலிருந்து ஆவி பொங்கி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையுறையைக் கழற்றி, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, உறைக்குள் விட்டு அவன் பின்கழுத்தைத் தொட்டேன். இட்லிச் சட்டியைத் திறந்ததும் வருமே, அந்தச் சூடு. லேசாக வேர்த்துக்கூட இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. பனிக்கு நடுவில், அத்தனை துணிக்கும் உள்ளே, என் பிள்ளை தன் சூட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சூடு கொடுக்கவில்லை. அது அவனுடையதாகவே இருந்தது.

எனக்கு அப்போது மனசு லேசாகிவிட்டது. இரண்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்த பாரம் அப்படியே இறங்கியது. வளர்ந்த பிறகு எப்படி என்று இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாரே டாக்டர், கவனிக்கட்டும். நானும் கவனிப்பேன். பிள்ளை பெற்ற எவள்தான் கவனிக்காமல் இருக்கிறாள்? ஆனால் கவனிப்பது வேறு, பயந்து சாவது வேறு.

என் கை பட்டதாலோ என்னவோ ஆசீர் விழித்துக்கொண்டான். அழவில்லை. தலைக்கு மேலே நான் நிற்பதைப் பார்த்தான். உறைக்குள்ளிருந்து ஒரு கையை இழுத்து வெளியே எடுத்தான். கையுறை கழன்று விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளின் கன்னத்தில் அந்தக் கையை வைத்தான். சுடச்சுட இருந்தது. உடனே கையை இழுத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் வார்த்தையைச் சொன்னான்.

"அம்மா குல்மா."

அம்மா சில்லுன்னு இருக்கா என்று அர்த்தம்.

ஆமாம்டா ராசா, அம்மாதான் குளிர்ந்து போயிருந்தேன் என்று சிரித்தேன். கண்ணில் வந்த தண்ணீர் கன்னத்தில் இறங்குவதற்குள் ஜில்லிட்டது. கையுறையை மாட்டிவிட்டு, வண்டியை லேசாக ஆட்டினேன். மறுபடி தூங்கிப்போனான்.

அங்கேயே பனியில் நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்தவள் பெயர் கேட்டாள். செல்லத்துரை என்றேன். கருவை வைத்துக்கொள்ள இந்த வசந்தத்தில் வருகிறோம் என்றேன். ஒட்டுமோ ஒட்டாதோ, அது கர்த்தர் விட்ட வழி. அவள் பதிந்துகொண்டு, எல்லாரிடமும் கேட்பதைப் போல, கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.